கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது

வள்ளி, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மலையாளத்தில் எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் உன்னை அதில்தான் சேர்த்தோம், அதனால் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எனக்கு மலையாளம் வாசிக்க வரும், எழுத வராது. தமிழில்தான் எழுதுகிறேன். படிக்க உனக்கு நேரமெடுக்கும். மெதுவாகப் படி. புரியாத இடத்தில் மாப்பிள்ளையிடம் கேள். கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாத தமிழ் இதில் ஒன்றும் இருக்காது. அவரிடம் ஒளிக்க வேண்டியதும் இதில் ஒன்றும் இல்லை. ஏழாம் மாதம் நடக்கிறது, எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாய்: ராத்திரியானால் காலில் கோச்சிப்பிடுத்தம், சதை இழுத்துப் பிடிக்கிறது, உறக்கமே இல்லை, அம்மாவுக்கும் இது வருமே, அம்மா என்ன செய்வாள் என்று. அம்மாவின் காரியத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சதை இழுத்துப் பிடிக்கும்போது முழங்காலை மடக்கிச் சுருண்டுகொள்ளத்தான் தோன்றும். சுருளாதே. முழங்காலை நீட்டு. குதிகால் தள்ளிப் போக, விரல்கள் உன் முகத்தைப் பார்க்க, பாதத்தை உன் பக்கமாக இழு. வயிறு இருப்பதால் உனக்குக் கை எட்டாது. தலைமாட்டில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு படு. அதைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரண்டு நுனியையும் பிடித்து மெல்ல இழு. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை விட்டுக்கொடுக்கும்வரை அப்படியே பிடித்திரு. விட்ட பிறகு தடவிக்கொடுக்கலாம், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றலாம். எழுந்திருக்க முடிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பதிய நில். அம்மா சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறைச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் எழும்பாமல் முன்னால் சாய்ந்து நிற்பாள். பிறகு மற்றக் கால். அம்மா சுவரைத் தள்ளுகிறாள் என்று நீ சிரிப்பாய். அவள் தள்ளியது ராத்திரி வரப்போகிற வலியை. தள்ளிய நாட்களில் பெரும்பாலும் வராது. நீயும் படுக்கும் முன் அப்படிச் செய். காலையில் சோம்பல் முறிக்கும்போது விரல்களைக் கூராக நீட்டாதே, அப்போதுதான் சட்டென்று பிடிக்கும். போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதே. கோயம்புத்தூரில் தண்ணீர்க் கஷ்டம் என்று குடிப்பதைக் குறைக்காதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நீ கேட்டது அம்மா என்ன செய்வாள் என்று. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

விபத்து நடந்தபோது நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். எமர்ஜென்சி வருஷம். எனக்கு பஜார் ரோட்டில் சேட்டின் பாண்டிகசாலையில் எடைபோடும் வேலை. அந்தக் கிடங்கு உனக்கு நினைவிருக்கும், ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் காயல். அன்றைக்குப் பின்னால் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் சரிந்தன. மழையில் அடிமூட்டை நனைந்து இளகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் தராசுப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். சத்தம் கேட்டது, விழுந்தேன், இடது கால் மட்டும் வெளியே வரவில்லை. சுமையெடுக்கிறவர்கள்தான் மூட்டைகளைப் புரட்டி என்னை எடுத்தார்கள். காயலைத் தாண்டி எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னை அன்று பக்கத்து வீட்டு ஐஷும்மா பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டுத் தூங்கவைத்தாள். நான் திரும்பி வந்தபோது நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். வா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கூப்பிடவில்லை.

அந்த நாட்களைப் பற்றி நினைத்தால் ஒன்றுதான் சொல்ல வருகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். துக்கமும் இல்லை. சேட்டு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்தபடி மிளகு மாதிரிகளைப் பிரித்து வைக்கிற வேலை தருகிறேன் என்றார். சரி என்றேன். சந்தோஷப்படவில்லை. உன் மாமா இறந்து தந்தி வந்தது. அம்மா அழுதாள். நான் தந்தியை மடித்து வைத்தேன். நீ பள்ளியில் கவிதை ஒப்பித்து ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கி, அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். டம்ளரைப் பார்த்தேன். "அங்கே வை" என்றேன். நீ வைத்துவிட்டுப் போனாய். உனக்கு அது நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல. உள்ளே ஒன்றும் வந்து சேராது.

வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அது இல்லாத காலின் வலி. வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே தூக்கத்தில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. சதை முடிச்சாகிறது, கட்டைவிரல் உள்ளே மடங்குகிறது, நன்றாகத் தெரிகிறது. எழுந்து குனிந்து பிடிக்கப் போனேன். கை பாயில் விழுந்தது. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. வலி மட்டும் அந்த இடத்திலேயே இருந்தது. உனக்கு இப்போது வருகிறதே, அதே வலி. நீட்ட முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை, இழுக்க விரல் இல்லை. அதுவாக விடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அம்மா விழித்து, "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கால் போன மனுஷன் கால் வலிக்கிறது என்று சொன்னால் புத்தியும் போய்விட்டது என்பார்களே என்று பயம். பயம் என்று எழுதுகிறேன். அதைக்கூட அப்போது பயமாக உணர்ந்தேனா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அம்மா அப்போதுதான் சுக்கு தரம் பிரிக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பெண்கள் வரிசையாகத் தரையில் குந்தி உட்கார்ந்து நாள் முழுக்கச் சுக்கு பொறுக்குவார்கள். காலை மடக்கினால் மடக்கியதுதான், சாயங்காலம்தான் நிமிர்த்துவது. ராத்திரி அவளுக்கும் கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கியது. அவளும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் எழுந்துபோய்ச் சிமென்ட் தரையில் நிற்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். ஒருமுறை எழுந்திருக்க முடியாமல் அப்படியே சுருண்டு முனகினாள். நான் உட்கார்ந்து, அவள் முழங்காலை நீட்டி, பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரல்களை மேலே தள்ளிப் பிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் காலுக்கு என்ன செய்ய முடியாமல் கிடந்தேனோ அதை அவள் காலுக்குச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் சதை இளகியது. அவள் மூச்சு விட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் அவள் பாதத்தை மெல்லப் பாயில் வைத்தேன்.

"உங்களுக்கும் இழுக்குதா? அந்தக் கால்?"

"இழுக்குது."

"இல்லாத காலா?"

"அதுதான்."

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எந்த இடத்தில் என்று கேட்டாள். கெண்டைக்கால், பிறகு கட்டைவிரல் உள்ளே மடங்குது என்றேன். அவள், "எடுத்த காலை எப்படிப் போட்டாங்களோ, மடங்கிக் கிடக்குதோ என்னவோ" என்றாள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என்னிடமும் உன்னிடமும் சொல்லாமல், போட் ஏறி எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். தனியாக மார்க்கெட்டைத் தாண்டிப் போகாதவள். என் பெயரைச் சொல்லி, வெட்டியெடுத்த காலை எங்கே வைத்தீர்கள் என்று வார்டில் கேட்டிருக்கிறாள். ஒரு ஆள், "காலோ? ஏது காலு?" என்று மற்றவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இன்னொருவன், "அதொக்கெ அன்னே குழிச்சிட்டு சேச்சீ" என்றான். அன்றைக்கே புதைத்தாயிற்றாம். அம்மா போகவில்லை. வராந்தாவிலேயே நின்றிருக்கிறாள். மத்தியானம் பெருக்க வந்த ஒரு கிழவி, என்ன விஷயம் என்று கேட்டு, அவளைக் கட்டிடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் மதில் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டியிருக்கிறாள். புல் முளைத்து, ஒன்றும் தெரியாத இடம். அது மடங்கிக் கிடந்தால் தோண்டி நேராக வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாளாம். அந்தக் கிழவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கரயண்டா மோளே. நேரேயா வெச்சது. ஞான் கண்டதா" என்றாளாம். அழாதே, நேராகத்தான் வைத்தது, நான் பார்த்தேன் என்று. பார்த்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். அம்மா நம்பினாள்.

சாயங்காலம் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "நேராத்தான் இருக்குதாம். அந்தம்மா கண்ணால பாத்துச்சாம்" என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. நீ அப்போது உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தாய்.

வலி அன்றும் வந்தது. ஆனால் அன்று நான் ஒளிக்கவில்லை. பார்வதி என்று கூப்பிட்டேன். அவள் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, "எங்கே மடங்குது, காட்டுங்க" என்றாள். பாயில் ஒரு இடத்தைக் காட்டினேன். அவள் அங்கே உட்கார்ந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு பாதத்தை ஏந்துவதுபோல ஏந்தி, என் பக்கமாக மெல்லத் தள்ளினாள். நான் அவளுக்குச் செய்ததை அப்படியே செய்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டே, மனசால் அந்தப் பாதத்தை அவள் தள்ளுகிற பக்கம் வளைத்தேன். கட்டைவிரல் நிமிர்ந்தது. சதை விட்டது. ஏன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. "விட்டிருச்சு" என்றேன். அவள் உடனே கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், திரும்பிப் பிடிக்கும் என்று அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கட்டைக்கால் அளவெடுக்கப் போனபோது அங்கிருந்த டாக்டரிடம் அவளே கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. கால் எடுத்த பலருக்கு இது உண்டு, புத்திக் கோளாறு இல்லை என்றார். மீதிக் காலைச் சூடாகச் சுற்றி வைக்கச் சொன்னார். கட்டைக்காலைத் தினமும் மாட்டி நடக்கச் சொன்னார். இழுக்கும்போது நல்ல காலையும் இல்லாத காலையும் ஒன்றாக நீட்டுவதாக நினைத்து நீட்டச் சொன்னார். அம்மாவுக்குச் சுவரைத் தள்ளச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நடு நடுவே எழுந்து காலை நிமிர்த்தாமல் நாள் முழுக்கக் குந்தியிருக்காதே என்றும் சொன்னார். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். அதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு, மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு மாத்திரையைக் கொஞ்ச நாள் தின்றிருந்தேன். வலி நிற்கவில்லை, காதில் வண்டு இரைவதுபோல இரைந்ததுதான் மிச்சம். அதைச் சொன்னதும் அந்த டாக்டர் திட்டினார். கால் இழுப்புக்கு என்று யார் எந்த மாத்திரையைத் தந்தாலும் உன் டாக்டரம்மாவிடம் காட்டாமல் வாயில் போடாதே. இன்னொன்று. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, பகலிலும் வலி விடாமல் இருந்தால் அது இந்த வலி இல்லை. அதைத் தேய்க்காதே, இழுக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. ஐஷும்மாவின் மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு அப்படி வந்து, தைலம் தேய்க்கப் போனவர்களை நர்ஸ் தடுத்தாள். ரத்தம் உறைந்திருந்தது. நேரத்துக்குப் போனதால் பிழைத்தாள்.

பிறகு வந்த வருஷங்களில் எங்கள் ராத்திரிகள் இப்படித்தான் போயின. சில நாள் அவள் கால், சில நாள் என் கால். அவள் கை வைத்தும் வலி விடாத நாளும் உண்டு. அப்போது சும்மா உட்கார்ந்திருப்பாள். பகலில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அரிசி இருக்கிறதா, உன் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். அவள் கை அந்த இடத்தில் இருக்கும்போது மட்டும் எனக்குள் ஏதோ கொஞ்சம் வந்து சேரும். விடிந்தால் அதுவும் போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் போனாள். உனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் சரியாகச் சொன்னேன். சாயா வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். நீ என் முன்னால் வந்து நின்று, எல்லாரும் கேட்க, "அப்பா, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா? அம்மா உங்களுக்கு யாருமே இல்லையா?" என்றாய். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் போட் ஏறிவிட்டாய். பிறகு வந்ததெல்லாம் நாலு வரிக் கடிதங்கள்.

அன்றைக்கு உனக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் நேரான பதில் இல்லை, வள்ளி. தோன்றியதா என்று கேட்டால், இல்லை. அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அம்மா எனக்கு யார் என்று கேட்டாயே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில் என் காலைத் தேடி நின்றவள் அவள். இது உனக்குத் தெரிய வேண்டும். என்னைத் தவிர இதைச் சொல்ல யாரும் இல்லை. அவள் போன பிறகு அந்த வலி குறைவாகத்தான் வருகிறது. வந்தால் குனிந்து நானே கையை வைத்துப் பார்க்கிறேன். என் கைக்கு அது விடுவதில்லை.

இனி உன் விஷயம். பிரசவத்துக்கு இங்கே அனுப்ப மாட்டோம், அந்த வீட்டில் பெண் துணை இல்லை என்று உன் மாமியார் சொன்னதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு ஐஷும்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. "மோளெ இங்கோட்டு கொண்டுவா. ஞான் இல்லே இவிடெ?" என்றாள். மகளை இங்கே கூட்டிவா, நான் இல்லையா இங்கே என்று. பகலெல்லாம் அவள் நம் வீட்டில்தான் இருப்பாள். பிரசவ ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, வாசலுக்கு ஆட்டோ வரும். அம்மாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, கயிறு தளர்ந்திருந்ததை இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் தனியாக, முறையாக எழுதிக் கேட்கிறேன். கூட்டிவர நானே வருகிறேன். கட்டைக்காலோடு ரயில் ஏறியதில்லை. ஏறிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

குழந்தையைப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றும் என்று தெரியாது. ஒன்றும் தோன்றாமலும் போகலாம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோகாமல் இருக்க. ஆனால் பாதத்தை எப்படி ஏந்த வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். மகள் காலை அப்பா பிடிப்பதா என்று யாராவது கேட்டால், பிடிக்கலாம் என்று சொல். நான் அடுத்த அறையில்தான் படுப்பேன். தூக்கம் எனக்கு எப்படியும் குறைவு. கால் இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. கூப்பிடு. ஒரு குரல் போதும்.

அப்பா